அந்த ஓட்டு எனக்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா, வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. நான் லண்டனுக்கு வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட், வேலை விசா, வாடகை வீடு. எனக்கு ஓட்டு இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் நெதர்லாந்துக்கு அகதியாகப் போய், அந்த மொழியைப் படித்து, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர். பிறகு பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு லண்டனின் ஹாரோ பகுதிக்கு வந்தார். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பத்து வருடத்துக்கு மேல் இங்கே வரி கட்டிக்கொண்டிருந்தார். என் வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வோட்டு இருக்கோ தம்பி? எனக்கு இல்லையாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பிரெக்சிட், அதாவது பிரிட்டனின் இந்த வெளியேற்றம் பற்றித் தமிழில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். யார் பொய் சொன்னார்கள், பவுண்டு எவ்வளவு விழுந்தது, எந்தப் பிரதமர் எப்போது போனார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நாடே இரண்டாக நின்று கத்திய அந்தச் சண்டையில், அதனால் நேரடியாகப் பாதிக்கப்படப் போகிறவர்கள் வாய் திறக்க இடமே வைக்கவில்லை என்பது மட்டும் அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

விதி எளிமையானது. வழக்கமான பாராளுமன்றத் தேர்தலில் யாருக்கு ஓட்டு உண்டோ அவர்களுக்கே இதிலும் ஓட்டு. அதாவது பிரிட்டிஷ் குடிமக்கள், அயர்லாந்துக் குடிமக்கள், இங்கே முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டினர். பேரரசுக் காலத்தில் இந்தியரும் இலங்கையரும் பிரிட்டிஷ் அரசரின் குடிகளாகக் கருதப்பட்டதால் வந்த உரிமை இது. பேரரசு போன பிறகும் இது சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது. சென்னையிலிருந்து முதுகலை படிக்க வந்த மாணவருக்கு ஓட்டு உண்டு. பிரிட்டனின் ஆட்சியில் ஒருநாளும் இருந்திராத மொசாம்பிக்கின் குடிமகனும், காமன்வெல்த்தில் சேர்ந்துவிட்ட நாட்டுக்காரர் என்பதால் ஓட்டுப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மால்டா, சைப்ரஸ் நாட்டவர்களுக்கு அதே காரணத்தால் ஓட்டு இருந்தது. முப்பது வருடம் இங்கே வாழ்ந்த ஜெர்மன்காரருக்கோ, போலந்துக்காரருக்கோ, நெதர்லாந்துப் பாஸ்போர்ட் வைத்திருந்த அக்காவுக்கோ இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் பிரான்சிலோ ஸ்பெயினிலோ குடியிருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கும் இல்லை. அவர்களும் தங்கள் வீடும் ஓய்வூதியமும் மருத்துவமும் என்னவாகும் என்று தெரியாமல் தொலைக்காட்சியில் முடிவைப் பார்த்தார்கள்.

இதை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டே வருடம் முன்பு, 2014 செப்டம்பரில், ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பு நடந்தது. அதில் ஸ்காட்லாந்தில் வசித்த ஐரோப்பியக் குடிமக்கள் அனைவருக்கும் ஓட்டு இருந்தது. 16 வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. அந்த ஊரில் யார் வாழ்கிறார்களோ அவர்களைக் கேட்போம் என்று முடிவு செய்தார்கள், கேட்டார்கள், அவ்வளவுதான். 2015-இல் ஐரோப்பிய வாக்கெடுப்புக்கான சட்டம் வந்தபோது, ஐரோப்பியக் குடிமக்களையும் சேர்க்கும் திருத்தத்தை ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினர் கொண்டுவந்தார்கள். தோற்றுப்போனது. 16, 17 வயதினருக்காவது கொடுங்கள் என்று பிரபுக்கள் சபை சொன்னது. மக்கள் சபை அதையும் தள்ளிவிட்டது.

அப்புறம் நடந்த பிரசாரத்தில் குடியேற்றம் பெரிய பேச்சாக இருந்தது. வெளியேறச் சொன்னவர்கள் பலருக்கு, வருகிறவர்கள் என்றால் சுமை. தொடரச் சொன்னவர்களுக்கு அவர்கள் வரி கட்டும் எண்ணிக்கை. இரண்டு பக்கமும் அவர்களைப் பற்றித்தான் பேசினார்கள், அவர்களோடு பேசவில்லை. பேசவேண்டிய தேவை இல்லையே, ஓட்டு இல்லாதவர் வீட்டுக் கதவை எந்தக் கட்சிக்காரர் தட்டுவார்? எங்கள் தெருவில் துண்டுப் பிரசுரத்தோடு வந்த இரண்டு தரப்பு ஆட்களும் கையில் வாக்காளர் பட்டியல் வைத்திருந்தார்கள். அக்கா வீட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தார்கள்.

அக்காவைப் போன்றவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. போரிலிருந்து தப்பி ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் என்று போன ஈழத்தமிழர்களில் கணிசமானோர், அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்த பிறகு பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்ற ஆசை முதல் காரணம். கோயில், தமிழ்ப் பள்ளி, சொந்தபந்தம், சிறியதாய் ஒரு கடை போடும் வசதி எல்லாம் அடுத்தடுத்து. ஐரோப்பியக் குடிமக்களாய் இருந்ததால் விசா வேண்டியதில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வரலாம். ஏற்கெனவே ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள், முதல்முறையாகத் தாங்களாகவே விரும்பி ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள்.

பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நானும் அக்காவிடம் கேட்டேன். நெதர்லாந்துச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் நெதர்லாந்துக் குடியுரிமை போய்விடும். அவருடைய அம்மாவும் தம்பியும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு ஆளுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணம் வேறு. அதோடு, 2016 வரை அதற்கு என்ன அவசியம்? இரண்டும் ஒரே ஒன்றியத்து நாடுகள்தானே.

இனி மறுபக்கம். தமிழர்கள் எல்லோரும் தொடரவேண்டும் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள் என்று நினைத்தால் அது தவறு. வாக்கெடுப்பு நாளில் ஆஷ்கிராஃப்ட் பிரபு எடுத்த கருத்துக்கணிப்பில் ஆசிய வம்சாவளியினரில் மூன்றில் ஒருவர் வெளியேற வாக்களித்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் மளிகைக்கடை வைத்திருப்பவர், வெளியேறத்தான் போட்டார். அவர் காரணத்தைக் கேட்டால் எளிதில் ஒதுக்க முடியாது. 2012 ஜூலையில் ஒரு விதி வந்தது: பிரிட்டிஷ் குடிமகன் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைத்துவர வேண்டுமானால் வருடத்துக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்கவேண்டும், ஆங்கிலத் தேர்வும் உண்டு. அண்ணனின் மகள் இங்கேயே பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்துவிட்டு, அந்தச் சம்பளம் வராததால் புருஷனைக் கூட்டிவர முடியாமல் தவித்தாள். அதே தெருவில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்த இன்னொரு தமிழர், ஐரோப்பியச் சட்டத்தின்கீழ் வருமானக் கணக்கு எதுவும் காட்டாமல் மனைவியை இலங்கையிலிருந்து அழைத்துவந்தார். "நான் இந்த நாட்டுக் குடிமகன். என்ரை பிள்ளைக்கு இல்லாத உரிமை அவனுக்கு எப்படி வந்தது?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இதில் ஒரு சுற்றுவழியும் இருந்தது. பிரிட்டிஷ்காரர் ஒருவர் வேறொரு ஐரோப்பிய நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால், அவருக்கும் ஐரோப்பியச் சட்டம் பொருந்தும், துணையை அந்த வழியில் அழைத்துவரலாம். 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு இது. வழக்கின் மையத்தில் இருந்த இந்தியரின் பெயரால் 'சுரிந்தர் சிங் வழி' என்றே சொல்வார்கள். இதற்காக அயர்லாந்துக்குப் போய் மாதக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் உண்டு. சொந்த நாட்டுக்குள் மனைவியோடு வாழ, பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டு வரவேண்டியிருந்தது.

இந்த மனக்குறையை வெளியேறும் தரப்பு நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. அன்றைய அமைச்சர் பிரீத்தி பட்டேல், ஐரோப்பியர்களுக்குத் திறந்த கதவை மூடினால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவர வழி பிறக்கும் என்று கறி உணவகக்காரர்களிடம் பிரசாரம் செய்தார். பிரிட்டனிலுள்ள பங்களாதேஷ் உணவகச் சங்கத்தின் தலைவர்கள் அதை நம்பி வெளியேறும் பக்கம் நின்றார்கள். பிறகு ஏமாற்றப்பட்டதாக வெளிப்படையாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு நேர்ந்தது இன்னும் கசப்பு. ஐரோப்பியர்களுக்கு இருந்த உரிமை பறிபோனது உண்மை. ஆனால் அது அவர் மகளுக்கு வரவில்லை. 18,600 பவுண்டு என்ற வரம்பு 2024 ஏப்ரலில் 29,000 ஆக உயர்ந்தது. விசாவோடு கட்டவேண்டிய மருத்துவக் கட்டணம் 2016-இல் பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 200 பவுண்டு, இப்போது 1,035.

ஒருவரிடமிருந்து எடுத்தால் இன்னொருவருக்குக் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம் என்று நான் இப்போதெல்லாம் வாய்விட்டே சொல்கிறேன்.

ஆங்கிலேயர்களின் கோபத்தையும் சொல்லவேண்டும். என் அலுவலகத்தில் மூத்த ஒருவர், இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள கிரிம்ஸ்பிக்காரர். அப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பேர் வாங்கிய ஊர் அது. அந்த ஊர் அடங்கிய பகுதியில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். ஐரோப்பாவின் பொது மீன்பிடிக் கொள்கைதான் எங்கள் ஊரைக் கொன்றது என்று அவர் திடமாக நம்புகிறார். கொள்கையில் குறை இருந்தது, மறுக்கமுடியாது. ஆனால் கிரிம்ஸ்பியின் தூரக்கடல் கப்பல்களை நிறுத்திய பெரிய அடி, எழுபதுகளில் ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 200 கடல்மைலாக நீட்டியபோது விழுந்தது. அதற்காக இரண்டு நாட்டுக் கப்பல்களும் நடுக்கடலில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. ஐஸ்லாந்து இன்றுவரை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இன்று அந்த ஊரில் பதனிடும் மீனில் பெரும்பகுதி ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருகிறது. இதை அவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். "ஆனால் முதல்முறையாக எங்களிடம் யாரோ ஏதோ கேட்டார்கள்." நான் பதில் சொல்லவில்லை. நாற்பது வருடமாக எந்த அரசாங்கமும் அந்த ஊரைக் கேட்கவில்லை என்பது சத்தியம். கேட்ட ஒரே கேள்வி இதுவாக இருந்தபோது, அவர்கள் வேறு கேள்விக்கான பதிலை இதில் எழுதினார்கள்.

வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி, இரண்டு கட்டம். அன்று லண்டனில் கொட்டோ கொட்டென்று மழை, கிழக்குப் பகுதியில் தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் வாக்குச்சாவடி ஒரு தொடக்கப்பள்ளியில். நம்மூர்போல விரலில் மை கிடையாது, அப்போது அடையாள அட்டையும் கேட்கமாட்டார்கள். பெயரைச் சொன்னால் சீட்டைத் தருவார்கள். மரத்தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில். பென்சிலில் போட்டால் உளவுத்துறை அழித்துவிடும், பேனா கொண்டுபோங்கள் என்று ஒரு வதந்தி பரவியிருந்ததால், எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். தன் நாட்டுத் தேர்தலையே நம்பாத அளவுக்கு அந்தப் பிரசாரம் ஆட்களைக் கொண்டுபோய் விட்டிருந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, ஜோ காக்ஸ் என்ற இளம் எம்.பி. யார்க்ஷயரில் தன் தொகுதியிலேயே கொல்லப்பட்டார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். அகதிகளுக்காகப் பேசியவர். அதற்கப்புறமும் ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஓடியது என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் 'தொடரவேண்டும்' என்ற கட்டத்தில் போட்டேன். முடிவு வந்தபோது 1 கோடியே 74 லட்சம் பேர் வெளியேறவும், 1 கோடியே 61 லட்சம் பேர் தொடரவும் வாக்களித்திருந்தார்கள். 51.9க்கு 48.1. வித்தியாசம் 12 லட்சத்து 69 ஆயிரத்துச் சொச்சம். ஐரோப்பியக் குடிமக்கள் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற கணக்குக்கு நான் போகவில்லை. முடிவு இதேதான் வந்திருந்தாலும், அக்காவைக் கேட்ட பிறகு வந்த முடிவாக அது இருந்திருக்கும்.

மறுநாளே அக்காவிடம் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர், "எப்போது மூட்டை கட்டுகிறீர்கள்?" என்று கேட்டாராம். அவர் என்ன பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேட்டவருக்குத் தெரியாது, தோலைப் பார்த்துக் கேட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஜூலையில் இன, மத வெறியோடு நடந்த குற்றங்கள் முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 சதவீதம் கூடுதலாகப் பதிவானதாக உள்துறையே சொன்னது.

அடுத்த மூன்றரை வருடச் சண்டையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெளியேறுவது என்றால் எப்படி என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நார்வே மாதிரி ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இருந்துகொண்டா, கனடா மாதிரி ஒப்பந்தம் போட்டா, ஒன்றுமே இல்லாமலா? அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்றது. மார்ச் 27 அன்று எட்டு வழிகளைப் பட்டியல் போட்டு எம்.பி.க்களிடம் கேட்டார்கள், ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை இல்லை. பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்திலேயே தொடரும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லையில் சோதனைச்சாவடி வந்தால், அங்கே பல வருட வன்முறையை முடித்த 1998 சமாதான ஒப்பந்தம் என்னவாகும் என்பது, வாக்கெடுப்புக்கு முன் இங்கிலாந்தில் அநேகமாக யாரும் கவலைப்படாத விஷயம். பிறகு அதுவே எல்லாவற்றையும் நிறுத்தியது. பாராளுமன்றத்தின் முன்னால் இரண்டு கொடிக் கூட்டங்களும் தினமும் நின்று கத்தின. கடைசியில் 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

எனக்கு அதைவிட நெருக்கமாக மனதில் இருப்பது அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஐரோப்பியக் குடிமக்கள் இங்கே தொடர்ந்து வாழவேண்டுமானால் 'செட்டில்ட் ஸ்டேட்டஸ்' என்ற நிரந்தர அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவேண்டும், 2021 ஜூன் 30 கடைசித் தேதி என்று அரசு அறிவித்தது. முதலில் 65 பவுண்டு கட்டணமும் போட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் விட்டுவிட்டார்கள். விண்ணப்பிக்க ஒரு செயலி. ஆரம்பத்தில் ஆண்ட்ராய்டு போனில் மட்டும்தான் ஓடியது. அக்கா வீட்டில் எல்லாம் ஐபோன், ஆகவே என் போனை எடுத்துக்கொண்டு போனேன். பாஸ்போர்ட்டை மூடி, அதன்மேல் போனை வைத்துச் சிப் படிக்கும்வரை அசையாமல் பிடிக்கவேண்டும். அப்புறம் முகத்தைக் காட்டவேண்டும், திரையில் வண்ணங்கள் மாறி மாறி மின்னும். தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்ததும் வரிக் கணக்கைப் பார்த்து இத்தனை வருடம் இங்கே இருந்திருக்கிறார் என்று அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. சுலபமாகத்தான் இருந்தது.

ஆனால் அக்கா மேசைமேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கோப்பு வைத்திருந்தார். சம்பளச் சீட்டு, கவுன்சில் வரி ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், வருட வாரியாகப் பிரித்து. எதையும் யாரும் கேட்கவில்லை. சில நாளில் மின்னஞ்சலில் பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. அட்டை கிடையாது, எல்லாம் இணையத்தில். "கையிலை ஒரு காட் தரமாட்டினமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கடதாசி இல்லாமல் நாங்கள் பட்ட பாடு போதும் தம்பி" என்று சொல்லிவிட்டு, அந்த மின்னஞ்சலை அச்செடுத்து அதே கோப்பில் முதல் பக்கமாக வைத்தார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2018-இல் விண்ட்ரஷ் விவகாரம் வெளியே வந்திருந்தது. ஐம்பது வருடம் இங்கே வாழ்ந்த கரீபியன் முதியவர்கள், காட்டுவதற்குக் கடதாசி இல்லாததால் வேலையையும் வைத்தியத்தையும் இழந்தார்கள், சிலரை நாடு கடத்தியேவிட்டார்கள்.

அக்காவின் உரிமை இப்போது வெளியேற்ற ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சர்வதேச ஒப்பந்தம் என்பதால், ஆட்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் நினைத்தபடி அதைத் திருத்த முடியாது. அதில் எனக்கு உண்மையான நிம்மதி. வெறுமனே வந்துபோகிற சொந்தபந்தம்தான் அதற்கு வெளியே நிற்கிறது. அவருடைய அம்மா முன்பெல்லாம் நெதர்லாந்து அடையாள அட்டையோடு வந்துபோவார். 2021 அக்டோபர் 1 முதல் பாஸ்போர்ட் இருந்தால்தான் வரலாம். என்னைப்போல வேலை விசாவில் வந்தவர்களுக்கோ எந்த ஒப்பந்தமும் இல்லை. ஐரோப்பியர்கள் குறைந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. அதன்பிறகு மறுபடியும் அதே கோபம், மறுபடியும் விதிகள் இறுகுகின்றன. நிரந்தரக் குடியிருப்புக்கு ஐந்து வருடம் என்பதைப் பத்தாக்குவோம் என்று 2025 மே மாதம் அரசு அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மறுபடியும் சேரவேண்டும் என்ற பேச்சு இப்போது எழுகிறது. கருத்துக்கணிப்புகளில் வெளியேறியது தவறு என்று சொல்பவர்களே அதிகம். இன்னொரு வாக்கெடுப்பு என்றைக்காவது வரலாம். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தங்கள் தேர்தல்களில் அங்கே முறையாக வசிக்கும் வெளிநாட்டவருக்கு ஏற்கெனவே ஓட்டுக் கொடுத்துவிட்டன, ஆகவே வழி தெரியாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம் சொல்லமுடியாது. அப்படி ஒரு சட்ட முன்வரைவு வருகிற நாளில், சாதகபாதகக் கணக்கை நான் பிறகுதான் படிப்பேன். வாக்காளர் யார் என்ற பிரிவில் அக்கா இருக்கிறாரா என்று முதலில் பார்ப்பேன். இல்லையென்றால் என் தொகுதி எம்.பி.க்கு அன்றைக்கே எழுதுவேன்.